ஊற்று வாயில் ஒரு வளையம்

டென்வர்
மார்ச் 3

அக்கா,

இந்த உறையைப் பார்த்ததும் அடுப்பில் போடலாமா என்று யோசித்திருப்பாய். போடுவதற்கு முன் ஒரு பக்கமாவது படி. போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

விஷயம் வௌவால்களைப் பற்றியது. உன் நிலத்துக் குகையில் பிடித்து, தோலுக்கடியில் அரிசி மணி அளவு சில்லு ஒன்றை வைத்துவிட்டு மறுபடி பறக்கவிட்டோமே, அவற்றில் பாதிக்கு மேல் இப்போது வருவதில்லை. குகையின் முன்வாயில் மாட்டியிருக்கும் வளையத்தைத் தாண்டினால் சில்லின் எண் பதியும். பதியவில்லை. வெள்ளை மூக்கு நோய் நம் பக்கமும் வந்துவிட்டது. அதில் செத்துப் போயினவா, இல்லை முன்வாயை விட்டு வேறு வழியாகப் போய்வருகின்றனவா என்று சொல்ல என்னிடம் வழியில்லை. என் கணக்கில் செத்ததும் ஒன்றுதான், இடம் மாறியதும் ஒன்றுதான். இரண்டும் ‘வரவில்லை’ என்றுதான் விழும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க இன்னொரு வளையம் வேண்டும். கீழே பள்ளத்தில், பாறைக்குள்ளிருந்து ஊற்று வெளியே வருகிறதே, அந்தப் பொந்தில். குகை அங்கேதான் முடிகிறது. முன்வாயில் காணாமல் போனது ஊற்று வாயில் பதிந்தால் அது உயிரோடு இருக்கிறது, வழியை மாற்றிக்கொண்டது என்று தைரியமாக எழுதலாம்.

நீ சம்மதித்தால் ஏப்ரலில் இரண்டு மாணவர்களை அனுப்புகிறேன். நான் வரமாட்டேன், கவலைப்படாதே. அதன் பிறகு வளையத்தோடு இருக்கும் பெட்டியில் எண்களைச் சேமிக்கிற கார்டை மாற்றி எனக்குத் தபாலில் போட ஓர் ஆள் வேண்டும். முன்பு அத்தான் செய்த வேலை. இதை உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் வேறு யாரைக் கேட்பேன்.

லாய்ட்

*

கோல்ட் ஹாலோ, மிசௌரி
மார்ச் 14

லாய்ட்,

அடுப்பில் போடத்தான் எடுத்துப் போனேன். போகிற வழியில் படித்துத் தொலைத்தேன்.

செத்ததும் ஒன்றுதான், இடம் மாறியதும் ஒன்றுதான் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். எனக்கு ஒன்றில்லை. டெல்மர் செத்திருந்தால் நான் விதவை. ஓக்லஹோமாவுக்கு அவன் அண்ணனிடம் ஓடியிருந்தால் புருஷன் விட்டுப் போனவள். இரண்டு வருஷமாக இந்த ஊரில் நான் அந்த இரண்டாவதாகத்தான் நடமாடுகிறேன். சர்ச் விருந்தில் நோரீன் என் தட்டில் மட்டும் இரண்டு கோழித் துண்டு வைக்கிறாள். “சாப்புடு வெர்லா, ஒத்தையில என்னத்த சமைச்சுத் திங்கப்போற” என்கிறாள். விதவைகள் தட்டில் அவள் அப்படி வைப்பதில்லை, நான் பார்த்திருக்கிறேன்.

அவனைத் தேடிய அந்தச் சனிக்கிழமை ஷெரீஃப் ஆட்கள் கயிறும் விளக்குமாகக் குகையின் முன்கூடம் வரை போனார்கள். அதற்குமேல் போகவிடாமல் போனில் தடுத்தவன் நீ. வளையம் வேலை செய்கிறதா என்று பார்க்க டெல்மரின் ஹெல்மெட்டில் ஒரு சில்லை ஒட்டிக் கொடுத்திருந்தாயே, அதை வைத்துச் சொன்னாய். “ரெண்டு தடவை பதிஞ்சிருக்கு சார். போனது ஒண்ணு, வந்தது ஒண்ணு. ஆளு வெளியில வந்தாச்சு. உள்ள குட்டிங்க இன்னும் பறக்கல. நீங்க போய்க் கலைச்சா தாயிங்க பதறிக் கீழ போட்டுடும்.” ஷெரீஃப் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். உன் குட்டிகள் பிழைத்தன, என் பேர்தான் போயிற்று.

வளையத்தை மாட்டிக்கொள். கார்டை நானே மாற்றுகிறேன். உனக்காக இல்லை. அந்தப் பள்ளம் எனக்குப் பிடித்த இடம். அவன் விட்டுப் போன அந்த வாரத்துக்குப் பிறகு அங்கே நான் கால் வைக்கவில்லை. மறுபடி போக ஒரு சாக்கு வேண்டும்.

ஒரே நிபந்தனை. டெல்மரைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதக்கூடாது.

வெர்லா

*

டென்வர்
ஏப்ரல் 22

அக்கா,

பையன்கள் திரும்பிவிட்டார்கள். நீ சுடச்சுட பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் போட்டாயாம். எனக்கு வயிறு எரிந்தது.

பெட்டியின் பக்கவாட்டில் சின்னக் கண்ணாடி இருக்கிறது. கடைசியாகத் தாண்டிய சில்லின் கடைசி நாலு எண்கள் அதில் தெரியும். அது மாறிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் கார்டை மாற்றினால் போதும்.

உன் நிபந்தனைப்படி வேறு எதுவும் எழுதவில்லை.

லாய்ட்

*

கோல்ட் ஹாலோ
ஜூன் 9

லாய்ட்,

கார்டு இதோடு இருக்கிறது.

ஊற்று வாயில் நின்றால் உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கிறது. ஜூன் மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகிறேன். வௌவால்கள் அந்த வழியாக அதிகம் வருவதில்லை. நாலைந்து வரும், கண்ணாடியில் எண் மாறும், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. மறுநாள் போனபோது ஊற்று ஏறிக் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. பாறைக்கு உள்ளே எங்கேயோ ஏதோ தட்டுகிற சத்தம். டொக் என்று ஒன்று. நிறுத்தி, இன்னொன்று. வீட்டில் ஆள் இருக்கிறதா என்று சந்தேகத்தோடு கதவைத் தட்டுகிறவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள். இன்னும் வெளிச்சம் இருந்தது, ஒரு வௌவாலும் கிளம்பியிருக்கவில்லை. கண்ணாடியில் 4417 என்று இருந்தது.

நான் போட்ட நிபந்தனையை நானே மீறுகிறேன். 4417 யாருடையது என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் குகைக்குள் நுழையும்போது குனிந்து ஹெல்மெட்டை வளையத்துக்குக் காட்டி, “உள்ளேன் ஐயா” என்பான். நான் சிரிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்வான்.

தண்ணீர் வடிந்ததும் எண்ணும் வரவில்லை, சத்தமும் இல்லை. நேற்று மறுபடி மழை. மறுபடி 4417. எனக்கு என்ன தோன்றியது என்று நான் எழுதப்போவதில்லை. நீ என்ன என்று சொல்.

வெர்லா

*

டென்வர்
ஜூன் 17

அக்கா,

கார்டைப் பார்த்தேன். நீ பார்த்தது சரிதான்.

பயப்படாதே. எங்கள் வேலையில் இது நடக்கிறதுதான். வௌவால் செத்து விழுந்தால் உடம்பு மக்கிப்போகும், சில்லு மக்காது. அது வளையத்துக்குப் பக்கத்தில் கிடந்தால் பதிந்துகொண்டே இருக்கும். அப்படிச் செத்துப்போன ஒன்றை ஒரு வருஷம் முழுக்க உயிரோடு இருப்பதாக எழுதி, ஒரு கூட்டத்தில் எல்லார் முன்னாலும் தலைகுனிந்திருக்கிறேன். அதிலிருந்து ரொம்ப ஒழுங்காகப் பதிகிற எண்ணைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். உயிருள்ளது ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. செத்ததுதான் தவறாமல் வரும்.

ஆகவே அது ஹெல்மெட். தண்ணீர் ஏறினால் மிதந்து மேலே வருகிறது, பாறையில் இடிக்கிறது, வளையம் படிக்கிறது. தண்ணீர் வடிந்தால் கீழே போய்விடுகிறது. ஹெல்மெட் மட்டும் என்றுதான் சொல்கிறேன். இனி இது எதற்கு என்று அத்தான் போகிற வழியில் ஊற்றுக்குள் வீசிவிட்டுப் போயிருக்கலாம்.

மழை நாளில் அங்கே தனியாகப் போகாதே.

லாய்ட்

*

கோல்ட் ஹாலோ
ஜூன் 28

லாய்ட்,

போகாதே என்றால் போகாமல் இருக்கிறவளா நான். மூன்று மழைக்கும் போனேன். மூன்று தடவையும் அவன் எண் இருந்தது. ஒருநாள் நானே வாய்விட்டு, “இருக்கியா?” என்று கேட்டேன். உள்ளே டொக் என்றது. அதற்குப் பிறகு வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று ஞாபகம் இல்லை.

இன்னொன்று. ஊற்று உள்ளேயிருந்து வெளியே ஓடுகிறது. வெளியே நின்று வீசினால் ஹெல்மெட் ஆற்றோடு போகும், பாறைக்குள் ஏறிப் போகாது. இதைக்கூடவா நான் சொல்லித் தர வேண்டும்.

அவன் போன வியாழக்கிழமை நடந்ததை நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காலையில் சண்டை. ஓக்லஹோமாவில் அவன் அண்ணன் குழாய் பதிக்கிற வேலை வாங்கித் தருகிறேன் என்றானாம். “இங்க உக்காந்து வௌவால எண்ணிக்கிட்டு எத்தன நாள் ஓட்டறது வெர்லா, வா போயிடலாம்” என்றான். “நீ போ, நான் எங்கயும் வரல” என்றேன். சாயங்காலம் குகைப் பையை எடுத்துக்கொண்டு போனான். போன சூட்டோடு திரும்பி வந்தான். முன்கூடத்தில் நீ வைத்த வெப்பமானிக்குப் புது பேட்டரி எடுக்க மறந்துவிட்டானாம். நான் ரேடியோவில் மாட்டு விலை கேட்டுக்கொண்டிருந்தேன். மேசை டிராயரை உருட்டினான். “ஒரு வாய் தண்ணி குடேன்” என்றான். “குழாய் அங்கதான இருக்கு” என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஷெரீஃபிடம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனான் என்று மட்டும் சொன்னேன். தண்ணீர் விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் பேட்டரியையும் சொல்லவில்லை. குகையிலிருந்து வந்தான், பையோடு யார் வண்டியிலோ ஏறிப் போனான் என்று ஊரே முடிவு கட்டியது. நானும்தான். டெல்மர் தன்னிடம் வரவில்லை என்று அவன் அண்ணன் சத்தியம் செய்தபோது, பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். இப்போது ஒன்று உறுத்துகிறது. ஓக்லஹோமா போகிறவனுக்கு வெப்பமானியின் பேட்டரி எதற்கு?

வெர்லா

*

டென்வர்
ஜூலை 6

அக்கா,

உன் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு பழைய கார்டைத் திறந்தேன். 4417 முதலில் பதிந்தது நாலே காலுக்கு. இரண்டாவது ஐந்தரைக்கு. மாட்டு விலை நிகழ்ச்சி ஐந்து மணிக்கு முடிந்துவிடும், எனக்குத் தெரியும், அப்பாவும் கேட்பார். அப்படியானால் அத்தான் உன் சமையலறையில் நின்றது இரண்டு பதிவுக்கும் நடுவில். இரண்டாவது பதிவு அவர் வெளியே வந்தது இல்லை. திரும்ப உள்ளே போனது.

நடுவில் அவர் வெளியே வந்தது ஏன் பதியவில்லை என்று கேட்பாய். வௌவால்கள் கிளம்பும்போது குகை வாயிலிலேயே சுற்றிச் சுற்றிப் பறக்கும். ஒவ்வொரு சுற்றும் பதிந்தால் கார்டு நிரம்பிவிடும். அதனால் ஒரே எண் அரைமணி நேரத்துக்குள் மறுபடி வந்தால் பதியாதே என்று அமைத்திருந்தேன். அத்தான் உள்ளே போய், பேட்டரி இல்லை என்று உடனே திரும்பியிருக்கிறார். வளையம் அவரையும் ஒரு வௌவாலாக நினைத்து விட்டுவிட்டது. வௌவாலுக்கு வைத்த ஏற்பாட்டை வைத்து ஒரு மனுஷனுக்கு நான் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

குகை மீட்பு ஆட்களிடம் பேசிவிட்டேன். அடுத்த வாரமே வருவார்கள். குட்டிகளைப் பற்றி இந்தத் தடவை நான் வாய் திறக்கமாட்டேன்.

எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

லாய்ட்

*

கோல்ட் ஹாலோ
ஜூலை 13

லாய்ட்,

அடுத்த வாரம் வேண்டாம்.

குட்டிகள் இன்னும் பறக்கவில்லை. நேற்று முன்வாயில் போய் நின்றேன், உள்ளே கீச்சிடுவது கேட்கிறது. நோயில் பாதி போயிற்று என்கிறாய், மிச்சத்தையும் இந்த வீட்டு ஆளால் கீழே விழ விடமாட்டேன். டெல்மர் இருந்தாலும் இதைத்தான் சொல்வான். இலையுதிர்காலத்தில் அவை பனிக்காலக் குகைக்குப் போகட்டும், அப்புறம் வரச்சொல். இரண்டு வருஷம் இருந்தவன் இன்னும் கொஞ்ச நாள் இருப்பான்.

இதை வைத்து உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். சனிக்கிழமை ஷெரீஃப் ஆட்கள் முன்கூடத்தில் நின்றபோது, நீ போனில் தடுத்தபோது, அவன் உள்ளே உயிரோடு இருந்தானா? மழுப்பாமல் சொல்.

வெர்லா

*

டென்வர்
ஜூலை 20

அக்கா,

தெரியாது. தெரிந்தால் சொல்வேன். சத்தியமாக மறைக்கமாட்டேன்.

லாய்ட்

*

கோல்ட் ஹாலோ
அக்டோபர் 29

லாய்ட்,

அடக்கத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டாய். பார்த்தேன். உனக்கென்று ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தேன்.

நீ போன பிறகு மீட்புக்காரர்களில் அந்தத் தாடிக்காரர் வந்து விவரமாகச் சொன்னார். முன்கூடத்துக்கு அடுத்து வளைந்து போகிற குறுகல் வழியில் கிடந்தானாம். அந்த வழி நேராக வௌவால் கூடத்துக்குப் போகிறது. கால் மேல் பாறை. பக்கத்தில் நீர் விழுகிற சத்தத்தில் கூப்பிட்டாலும் முன்கூடத்தில் கேட்டிருக்காதாம். வசந்தகால வெள்ளத்தில் ஹெல்மெட் மட்டும் உருண்டு ஊற்றுக்குப் போயிருக்கிறது. அங்கே அவன் ஏன் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. வெப்பமானியில் புது பேட்டரி போட்டிருந்தது. வேலையை முடித்துவிட்டு, வீட்டில் என் மூஞ்சியைப் பார்க்கக் கொஞ்சம் நேரம் கழித்துப் போகலாம் என்று உலாத்தப் போயிருப்பான்.

எலும்பை வைத்து எந்த நாள் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “அப்பவே போயிருக்கும்மா, ஒண்ணும் தெரிஞ்சிருக்காது” என்றார் பாஸ்டர். நானும் அதையே வைத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. மண் போடும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் என்னை விட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நோரீன் என் தட்டில் ஒரே துண்டுதான் வைத்தாள். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

வெர்லா

*

டென்வர்
நவம்பர் 11

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். பாஸ்டர் சொன்னதை நீ வைத்துக்கொண்டாய் என்று எழுதியிருந்ததால் கிழித்தேன். மறைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்ததால் மறுபடி எழுதுகிறேன்.

அத்தான் காணாமல் போன வாரத்துப் பதிவுகளை நான் கணக்கிலிருந்து விலக்கி வைத்திருந்தேன். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு நாலு சாயங்காலமும் முன்வாய் வளையத்தில் அநேகமாக ஒரு வௌவாலும் இல்லை. திங்கட்கிழமை எல்லாம் பழையபடி வந்துவிட்டன. ஷெரீஃப் ஆட்கள் கலைத்ததால் என்று ஓரத்தில் எழுதி, தூக்கிப் போட்டுவிட்டேன். அவர்கள் வந்தது சனிக்கிழமை. வியாழக்கிழமையே ஏன் காணோம் என்று நான் அன்று என்னையே கேட்கவில்லை.

போகிற வழியில் வெளிச்சம் இருந்தாலோ ஆள் அசைந்தாலோ அவை அந்த வழியை விட்டுவிடும். அடங்கியதும் திரும்பி வரும்.

அந்த நாலு நாளும் அவை எந்த வழியாக வெளியே போயின என்று எனக்குத் தெரியாது. ஊற்று வாயில் அப்போது வளையம் இல்லை. அந்த வாரம் நீ பள்ளத்துப் பக்கம் போனாயா? பதில் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

லாய்ட்

*

கோல்ட் ஹாலோ
நவம்பர் 23

லாய்ட்,

போனேன்.

வியாழக்கிழமை அவன் தனியாகச் சாப்பிடட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுப் பள்ளத்துக்குப் போய் உட்கார்ந்தேன். நல்ல வெக்கை, அங்கே மட்டும்தான் குளிர்ச்சி. இருட்டுகிற நேரத்துக்கு ஊற்று வாயிலிருந்து அவை வர ஆரம்பித்தன. அதற்கு முன் அந்தப் பொந்திலிருந்து அப்படி வந்து நான் பார்த்ததில்லை. ஆயிரக்கணக்கில், தண்ணீரை ஒட்டி, என் தலையை ஒட்டி. இறக்கைக் காற்றில் என் முடி பறந்தது. எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. வீட்டுக்கு வந்தபோது சாப்பாடு மூடியபடியே இருந்தது.

வெள்ளிக்கிழமை அவன் போய்விட்டான் என்று தெரிந்தது. இருக்க முடியாமல் மறுபடி அங்கே போனேன். மறுபடி வந்தன. சனிக்கிழமை ஷெரீஃப் போன பிறகும் போனேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகும் போனேன். கொஞ்சம் குறைவாகத்தான் வந்தன, ஆனாலும் வந்தன. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கடவுள்தான் அனுப்புகிறார் என்று நினைத்தேன். ஒருத்தன் விட்டுப் போனாலும் இவ்வளவு உயிர் என் பக்கத்தில் இருக்கிறதே என்று கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அனுப்பியது அவன். விளக்கைக் காட்டிக்கொண்டு, கையைக் காலை அசைத்துக்கொண்டு, பாறைக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் சனிக்கிழமை இருந்திருக்கிறான். நான் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. உன்னை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. நீ மட்டுமா, பேட்டரியைச் சொல்லாதவள் நான். கிறிஸ்துமஸுக்கு வா. வந்து என் எதிரே உட்கார். என்ன வருகிறதோ வரட்டும்.

திங்கட்கிழமையும் போனேன். இருட்டி வெகுநேரம் காத்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. இவையும் என்னை விட்டுப் போய்விட்டன என்று நினைத்தேன். அவன் போனதற்கு அதுவரைக்கும் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, ரோஷம். அன்றைக்குத்தான் அந்தப் பாறையில் கையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். வௌவாலுக்காக அழுகிற பைத்தியம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அங்கே போவதை விட்டேன்.

சரியான நாளில்தான் அழுதிருக்கிறேன், லாய்ட்.

அந்த நாலு சாயங்காலத்தையும் உன் கணக்கில் சேர்த்துவிடு. ஷெரீஃப் ஆட்கள் கலைத்ததால் என்று ஓரத்தில் எழுதியிருப்பதை அடித்துவிடு. வௌவால்கள் ஊற்று வழியாகப் போயின, பார்த்த ஆள் வெர்லா மேகார்ட் என்று எழுது. முன்கூடத்துக்கு அப்பால் ஓர் ஆள் உயிரோடு இருந்தான் என்றும் எழுது.

வெர்லா